பழைய கப்பலில் ஒரு விடுமுறை



கப்பற் பிரயாணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருள் முதியோருக்கு ஒரு நினைவும் இளையோருக்கு வேறொரு நினைவும் எழுகின்றன. முதியோர் தலைமன்னார்த் துறையையும், அங்கிருந்து பாக்குநீரிணையைக் கடந்து இந்தியக் கரை சேர்ந்த சிறு கப்பலையும் எண்ணுவர். இளையோரோ பல மாடிகளும் நீச்சற் குளமும் ஆடலரங்கும் கொண்டு மிதந்து செல்லும் மாளிகைகளை எண்ணுவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றைப்பற்றியே இன்று உங்களுடன் பேசவிருக்கிறேன். வயது முதிர்ந்த ஓர் உல்லாசக் கப்பலில் விடுமுறையைக் கழிப்பது தக்கதா? அதில் நமக்குக் கிடைப்பது யாது? அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? இவையே என் பேச்சின் பொருள்.

பாடசாலை அதிபர் ஒருவருக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். நான் கடமையாற்றும் அரசினர் பாடசாலை கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. நீதிமன்றங்களுக்குப் பேர்போன அந்த மேட்டுக்குத் துறைமுகம் கூப்பிடு தூரந்தான். காலை வழிபாட்டின் நடுவே கப்பலொன்று ஊதினால், சிறிய வகுப்புப் பிள்ளைகளின் தலைகள் ஒருசேரக் கடற்பக்கம் திரும்பும். அவர்களை நான் கண்டிப்பதில்லை. இந்த நகரமே கப்பலின் பக்கம் திரும்பி வளர்ந்த நகரம்.

இலங்கைக்கு வந்த தபாற் கப்பல்கள் ஒரு காலத்தில் காலித் துறையிலேயே தங்கின. 1869ஆம் ஆண்டு சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்களின் தொகை பெருகிற்று. கொழும்பிலோ தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளைத் தடுக்க அணை இல்லை. 1875ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசர் இங்கு வந்திருந்தபோது அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் என்ற பொறியியல் அறிஞரின் திட்டப்படி எழுந்த அந்தச் சுவர் 1885ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன்பின் ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் சென்ற பெருங் கப்பல்கள் நிலக்கரிக்கும் நீருக்குமாகக் கொழும்பில் நங்கூரமிட்டன. ருஷிய எழுத்தாளர் செக்கோவ் 1890இல் சகலின் தீவிலிருந்து ஊர் திரும்புகையில் இங்கு இறங்கினார். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின் 1896இல் வந்தார்.

மார்க் டுவெயின் கதை நமது பொருளுக்கு நெருங்கியது. அவுஸ்திரேலியாவிலிருந்து நல்ல கப்பலொன்றில் கொழும்பை அடைந்த அவர், இங்கிருந்து பம்பாய்க்கு 'ரொசெற்றா' என்ற வேறொரு கப்பலில் ஏறவேண்டியதாயிற்று. அதன் முதுமையைத் தமது பயண நூலில் அவர் நன்றாக ஏளனம் செய்திருக்கிறார். ஆனால் அவர் ஏளனம் செய்த அந்தக் கிழக் கப்பல் அவரைப் பத்திரமாகப் பம்பாயில் இறக்கிவிட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. பழைய கப்பலைப்பற்றி மக்கள் கொண்ட எண்ணமும் அக்கப்பல் உண்மையில் ஆற்றும் பணியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பின்னர் ஆகாய விமானம் வந்தது. 1967 முதல் 1975 வரை சுயெஸ் கால்வாயும் மூடிக்கிடந்தது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போவதற்காகக் கப்பலேறும் வழக்கம் அருகிப் போயிற்று. இலண்டனுக்குப் போகிறவன் விமானத்தில் போனான். அப்பொழுது கப்பற் சொந்தக்காரர் ஓர் உபாயம் கண்டனர். போய்ச் சேருவதற்காக அன்றிப் போவதற்காகவே மக்களைப் போகச் செய்தல்! அதுவே உல்லாசக் கப்பற் பிரயாணம். முன்பு நாடுவிட்டு நாடு செல்வோரை ஏற்றிய பழங் கப்பல்கள் பல இவ்வாறு புது வாழ்வு பெற்றன.

அவற்றுள் ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள். 1914ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'மெடினா' என்ற பெயரில் ஒரு சரக்குக் கப்பல் கட்டப்பட்டது. பிற்காலத்தில் அது பயணிகள் கப்பலாக மாற்றப்பட்டு 'ரோமா' எனப் பெயர் பூண்டது. பின்னர் இத்தாலியரின் 'பிராங்கா சி' என்ற உல்லாசக் கப்பலாயிற்று. 1977இல் 'டூலோஸ்' என்ற பெயருடன் புத்தகக் கப்பலாகி, துறைமுகந்தோறும் சென்று நூல்களை விற்றது. 2009ஆம் ஆண்டின் முடிவில் அது ஓய்வு பெற்றபோது அதற்கு வயது 95. அக்காலத்தில் கடலோடிய பயணிகள் கப்பல்களுள் அதுவே மூத்தது. இன்று இந்தோனேசியாவின் பின்டான் தீவில் கரையேற்றப்பட்டுத் தங்குவிடுதியாக நிற்கிறது. வெங்காயம் சுமந்து தொடங்கிய கப்பல் நூலகமாகி முடிந்த இக்கதையை என் மாணவருக்குச் சொல்வதுண்டு.

எனினும் இத்தகைய நீண்ட ஆயுள் எல்லாக் கப்பல்களுக்கும் வாய்ப்பதில்லை. உல்லாசக் கப்பல் முப்பது வயதை எட்டினால் அது முதுமையே. உப்பு நீரும் உப்புக் காற்றும் இரும்பை ஓயாமல் தின்கின்றன. நீர்க்குழாய்களும் மின்கம்பிகளும் நலிகின்றன. இவற்றினும் பெரிய பகை ஒன்று உண்டு. அது வழக்கொழிந்து போதல். இன்று கட்டப்படும் கப்பல்களில் அறைகள் பலவற்றுக்குக் கடலை நோக்கிய மாடம் உண்டு. பழைய கப்பல்களில் பெரும்பாலான அறைகளுக்கு ஒரு சாளரமே உண்டு. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. செல்வர் புதியதை நாடுவர். பழையதற்குக் கட்டணம் குறையும். கட்டணம் குறைவதால்தான் நம்மைப்போன்ற மாதச் சம்பளக்காரர் அதில் ஏற முடிகிறது. ஆகவே பழைய கப்பல் என்பது நடுத்தரக் குடும்பத்தின் கப்பல் என்று சொன்னாலும் பிழையில்லை.

நமது கடற்பரப்பில் அண்மைக் காலத்தில் உலவிய 'எம்பிரஸ்' என்ற கப்பலை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். பிரான்சு தேசத்தின் சென் நசேர் என்ற துறையில் கட்டப்பட்டு 1990ஆம் ஆண்டு 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் அது கடலில் இறங்கியது. மயாமியிலிருந்து பகாமா தீவுகளுக்கு மூன்று நான்கு இரவுகள் சென்று திரும்பும் குறும் பயணங்களுக்கென்றே வகுக்கப்பட்ட கப்பல் அது. நீளம் 211 மீற்றர். கொள்ளளவு 48,563 தொன். இங்கே தொன் என்பது எடையைக் குறிப்பதன்று. கப்பலின் மூடிய உள்ளிடம் எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு. 2024இல் சேவைக்கு வந்த 'ஐகன் ஒவ் த சீஸ்' என்ற கப்பலின் அளவு 248,663 தொன். ஐந்து எம்பிரஸ்களை ஒன்றுசேர்த்தாலும் அதற்குச் சற்றே குறையும்.

அந்த எம்பிரஸ் கைமாறி, பெயர் மாறி, ஸ்பானிய நிறுவனமொன்றிடம் சில ஆண்டுகள் இருந்து, 2016இல் பழைய உடைமையாளரிடமே திரும்பியது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவி உலகத்தின் உல்லாசக் கப்பல்களெல்லாம் ஓய்ந்து நின்றபோது அதன் வாழ்வு முடிந்துவிடும் என்றே பலர் எண்ணியிருப்பர். அதே சென் நசேரில் 1988இல் பிறந்த அதன் தமக்கை போன்ற 'சொவரின்' கப்பல் அந்த ஆண்டிலேயே துருக்கி நாட்டு அலியாகா கரையில் உடைப்பதற்கு ஏற்றப்பட்டது. எம்பிரஸுக்கு ஒத்த வயதினதாகிய 'கர்ணிகா' என்ற கப்பல் 2019இல் பம்பாயிலிருந்து ஆரவாரத்துடன் புறப்பட்டு, மறு ஆண்டிலேயே குஜராத்தின் அலங் கரையில் உடைபடச் சென்றது. அலங்கில் பெருவெள்ளத்தின்போது கப்பலை முழுவேகத்தில் செலுத்திக் கரையில் ஏற்றிவிடுவர். நீர் வடிந்தபின் தொழிலாளர் தீச்சுடர் கொண்டு அதை அறுப்பர். இசை முழங்கிய மண்டபம் இரும்புத் துண்டுகளாகிப் போகும். எம்பிரஸோ அக்கதிக்குத் தப்பி, 'கோர்டீலியா' என்ற இந்திய நிறுவனத்தின் கப்பலாயிற்று. 2021இல் பம்பாயிலிருந்தும், 2022 ஜூன் முதல் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. மயாமியில் செய்த அதே குறும் பயணத்தையே வங்கக் கடலிலும் செய்தது.

இத்தகைய முதிய கப்பலொன்றில் நானும் என் மனைவியும் சில ஆண்டுகளுக்குமுன் தவணை விடுமுறையில் நான்கு இரவுகளைக் கழித்தோம். எந்தக் கப்பல் என்பது இங்கு வேண்டுவதன்று. நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டது வர்ணம். சுவர்களிலும் கதவுகளிலும் ஆண்டுதோறும் வர்ணம் பூசிப் பூசி, திருகாணிகளின் தலைகள்கூட உருண்டு மழுங்கியிருந்தன. படிக்கட்டின் கைப்பிடி ஆயிரமாயிரம் கைகள் பட்டு வழுவழுப்பாயிருந்தது. திறந்த தளத்துக்குச் செல்லும் வாயில்களில் நிலைப்படிகள் முழங்காலளவு உயர்ந்திருந்தன. கடல்நீர் உள்ளே வராதிருக்க அமைத்தவை அவை. முதியோர் ஒவ்வொரு தடவையும் அவற்றைத் தாண்டும்போது அருகிலிருக்கும் யாரோ ஓர் அந்நியர் கைகொடுப்பார். இரண்டாம் நாள் அந்த அந்நியர் அறிமுகமானவர். மூன்றாம் நாள் நண்பர்.

எங்கள் அறைக்கு மாடம் இல்லை. ஒரு சிறு கண்ணாடிச் சாளரமே இருந்தது. அதன் புறத்தே உப்புப் படிந்திருந்தது. ஆகவே கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வெளித்தளத்துக்குத்தான் போகவேண்டும். எல்லாரும் அப்படியே போயினர். சூரியோதயத்தைக் காண ஐம்பது அறுபது பேர் கிழக்கு நோக்கி நிற்போம். சென்னை வணிகர், மலையாளத்து மருத்துவத் தாதி, பேரப்பிள்ளைகளுடன் வந்த ஒரு பாட்டி, புது மணமக்கள் எனப் பலரும் தோளோடு தோள் உரசி நின்றனர். மாடம் வைத்த புதுக் கப்பலில் ஒவ்வொருவரும் தத்தம் அறையில் தனித்தனியே ஒரு சூரியனைக் கண்டிருப்பர். குறைபாடு என்று பயண முகவர் சொல்லும் ஒன்றே எங்களுக்கு ஊரொன்றை உண்டாக்கித் தந்தது.

குறைகளும் இருந்தன. பின்புறத்து உணவுச் சாலையில் இயந்திரத்தின் அதிர்வால் தேநீர்க் கிண்ணம் தட்டில் கிலுகிலுத்துக் கொண்டிருந்தது. குளிக்கும் நீர் சில காலைகளில் வெந்நீராக வரச் சோம்பிற்று. ஒரு நாள் காற்றுப் பலத்தபோது நீச்சற் குளத்து நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவி விழுந்தது. என் மனைவி இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அன்று முழுவதும் படுக்கையிலே இருந்தார். இவற்றைப் பெருங் குறையாகச் சொல்வதற்கில்லை. கடலில் இருக்கிறோம் என்பதை மறக்கவிடாத கப்பல் அது.

எங்கள் அறையைத் துப்புரவு செய்த இளைஞர் ஒருவரின் நினைவு மட்டும் மனத்தை விட்டு நீங்கவில்லை. நாள்தோறும் துவாலையை மடித்து யானை, அன்னம், குரங்கு என உருவங்கள் செய்து கட்டிலில் வைப்பார். அவருக்குப் பெண்குழந்தை பிறந்து ஏழு மாதம். அவர் இன்னும் அதைத் தூக்கியதில்லை. துறைமுகத்தை அடையும்போது தொலைபேசியில் முகத்தைக் காண்பதோடு சரி. நாம் உல்லாசமாகக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒப்பந்தத்தில் கழியும் ஒரு நாள். கடலோடிகளின் வேலை நேரம், ஓய்வு, சம்பளம் ஆகியவற்றை வரையறுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதிகள் ஏட்டில் மட்டுமன்றிக் கப்பலின் அடித்தட்டுவரை இறங்குகின்றனவா என்று கேட்கும் உரிமை பயணச்சீட்டு வாங்கிய நமக்கு உண்டு. அது நமது கடமையுமாகும்.

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். பழைய கப்பல் பாதுகாப்பானதா?

சரித்திரம் நமக்குச் சொல்வது யாது? 1912இல் மூழ்கிய 'டைற்றானிக்' தன் கன்னிப் பயணத்திலேயே மூழ்கிற்று. 1956 ஜூலையில் அத்திலாந்திக் கடலில் இரு கப்பல்கள் மோதின. மூழ்கியது 1953இல் சேவைக்கு வந்த 'அந்திரியா டோரியா'. மோதிய 'ஸ்டொக்ஹோம்' 1948இல் சேவைக்கு வந்தது. அது முகப்பு உடைந்த நிலையிலும் நியூயோர்க் துறையை அடைந்தது. அதன்பின் அது கிழக்கு ஜேர்மனியில் தொழிலாளருக்கான விடுமுறைக் கப்பலாகி, மேலும் பல பெயர்கள் பூண்டு, 'அஸ்தோரியா' என்ற பெயருடன் 2020வரை பயணிகளை ஏற்றியது. 2025இல்தான் உடைப்பதற்குப் பெல்ஜியத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 2012இல் இத்தாலியக் கரையில் பாறையிற் சாய்ந்து 32 உயிர்களைப் பலிகொண்ட 'கொஸ்தா கொன்கோர்டியா' ஆறே வயதான கப்பல். ஆகவே புதுமை ஒன்றே காப்பு என்று எண்ணுவதற்கில்லை.

அதற்காகப் பழமை ஒன்றே காப்பு என்றும் மயங்கலாகாது. 'ஓசியானோஸ்' என்ற கப்பல் 1952இல் பிரான்சில் பிறந்தது. 1991 ஓகஸ்டில் தென்னாபிரிக்கக் கரையோரம் புயலில் அகப்பட்டு மூழ்கிற்று. நீர்புகாத் தடுப்புச் சுவரொன்றில் அடைக்கப்படாத ஒரு துளை இருந்தது. குழாய்களிற் சில அடைப்பிதழ்கள் பழுதுபார்க்கக் கழற்றியபடியே இருந்தன. இயந்திர அறையிற் புகுந்த நீர் அத்துளை வழியே கழிவுநீர்த் தொட்டியை நிறைத்து, மேல்தட்டுகளின் கழிவறைகள் வழியாகப் பொங்கி வழிந்தது. கப்டனும் உத்தியோகத்தர் சிலரும் பயணிகளுக்கு முன்னரே வெளியேறிவிட்டனர். அன்று பயணிகளைக் காத்தவர்கள் யார்? கிதார் வாசிக்கவும் பாடவும் அமர்த்தப்பட்டிருந்த கலைஞர்கள்! அவர்களே வானொலியில் உதவி கோரினர். மக்களை ஒழுங்குபடுத்தி ஹெலிகொப்டர்களில் ஏற்றிவிட்டனர். கப்பலிலிருந்த 571 பேரும் உயிர் தப்பினர். கப்பலை மூழ்கடித்தது முதுமையன்று. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த பழுதுகளே. மக்களைக் காத்ததும் புதுமையன்று. கடமையைத் தமதென்று கைக்கொண்ட சிலருடைய மனத்திண்மையே.

நீரினும் கொடிய பகை நெருப்பு. தமிழ் மக்கள் நன்கறிந்த 'சிதம்பரம்' கப்பலை நினைவுகூருங்கள். 1966இல் பிரான்சில் கட்டப்பட்டு, பின்னர் இந்தியாவால் வாங்கப்பட்டு, தமிழ்நாட்டுக்கும் மலேசியா சிங்கப்பூருக்கும் இடையே எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்த கப்பல் அது. 1985 பெப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் அதில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அதனுடன் அந்தப் பயணிகள் சேவையே முடிவுற்றது. பழங் கப்பல்களின் அழகுக்குக் காரணமான மரச் சுவர்கள் தீக்கு விருந்தாவன. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் இதனால் இறுக்கமாயின. 1980க்கு முன் கட்டப்பட்ட பயணிகள் கப்பல்கள் எளிதிற் பற்றும் பொருள்களை அகற்றவேண்டும் என்றும், 2010 ஒக்டோபருக்குப்பின் அவை அவ்வாறே தொடர இயலாது என்றும் விதி வந்தது. அழகிய பழங் கப்பல்கள் பல அப்போதே உடைக்கப்பட்டன. அழகை இழந்தோம் என்று சிலர் வருந்தினர். உயிரைக் காட்டிலும் மரச் சுவர் பெரிதன்று.

இன்று பயணிகள் கப்பல் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குட்பட்டுப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கொருமுறை பெரும் பரிசோதனை உண்டு. கேளா ஒலிக் கருவிகொண்டு இரும்புத் தகட்டின் தடிப்பையே அளந்து பார்ப்பர். மருத்துவர் ஆண்டுதோறும் சோதித்து மருந்துகொடுத்து வரும் அறுபது வயதினர், ஒருநாளும் வைத்தியரைக் காணாத முப்பது வயதினரைக் காட்டிலும் நம்பத்தக்கவர் அல்லரோ? கப்பலும் அவ்வாறே.

நேயர்களே, இதுவரை உலகக் கடல்களில் திரிந்தோம். இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

2023 ஜூன் மாதத்தில் முன்சொன்ன எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. ஜூன் 16ஆம் நாள் காங்கேசன்துறையில் அது தோன்றியபோது அதைக் காணக் கரையில் நின்றவர்கள் கண்டது ஒரு கப்பலை மட்டுமன்று. பாதுகாப்பு வலயமாகக் கிடந்த ஒரு கடற்கரைக்கு, சுற்றிப் பார்ப்பதற்காக மக்கள் வந்திறங்குவதை அவர்கள் கண்டனர்.

அண்மையில் ஓய்வுபெற்ற என் சக ஆசிரியை ஒருவர், அவ்வாறு கப்பலில் காங்கேசன்துறைக்குச் செல்ல வேண்டுமென்று ஆசைகொண்டிருந்தார். விமானத்திலோ புகையிரதத்திலோ போகலாமே, ஏன் சென்னைக்குப் போய்க் கப்பலேறிச் சுற்றிவர வேண்டும் என்று உறவினர் கேட்டனர். அவர் என்னிடம் சொன்ன மறுமொழி இது: “சேர், நான் ஒரு தரம் அந்தத் துறைக்குக் கப்பலிலே போயிருக்கிறேன். 83இல். கையிலே ஒரு பை மட்டுந்தான். அம்மா வழி முழுவதும் பேசவே இல்லை. இன்னொரு தரம் போக வேணும். இந்தத் தரம் தளத்திலே நின்று கரையைப் பார்த்துக்கொண்டு போக வேணும்.”

அவர் கூறியதை விளக்கத் தேவையில்லை. 1958இலும் 1983இலும் கலவரத்துக்கு அஞ்சிக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறியோர் ஆயிரக்கணக்கானோர். 2006இல் ஏ-9 வீதி மூடப்பட்டபின் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, நாட்கணக்கில் காத்திருந்து அனுமதி பெற்றுக் கப்பலேறியோரும் நம் மத்தியில் உள்ளனர். அவர்களுக்குக் கப்பல் என்பது உல்லாசம் அன்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழி, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வழி. அவ்விரு துறைகளையே ஒரு விடுமுறைக் கப்பல் தொட்டுச் சென்றது என்றால், அதை வெறும் கேளிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அச்சத்தோடு கடந்த கடலை அச்சமின்றி ஒருமுறை கடப்பதும் ஒருவகை ஆறுதலே.

எனினும் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். உல்லாசக் கப்பலில் வருவோர் உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுவர். துறையோரத்து ஊருக்கு அதனால் மிஞ்சுவது சிறிதே. இருகரை மக்களையும் உண்மையில் இணைப்பது நாள்தோறும் போய்வரும் எளிய படகுச் சேவைதான். 1914 முதல் தலைமன்னார் தனுஷ்கோடிக் கப்பல் அதைச் செய்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேசுவரத்துக்கு அச்சேவை தொடர்ந்து, 1980களிற் போரினால் நின்றது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சேவை தொடங்கிச் சில நாட்களில் ஓய்ந்து, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. கடற்பயணம் நான்கு மணித்தியாலம் அளவினது. பெரிய கப்பலைக் கண்டு வியப்போர் இச்சிறிய கப்பலை மறவாதிருக்க வேண்டும். விருந்து ஆண்டுக்கொருமுறை வரும். சோறு நாள்தோறும் வேண்டும்.

நமக்குக் கடல் புதியதுமன்று. 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையில் வேப்பமரமும் இலுப்பைமரமும் கொண்டு கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். நம்மவர் சிலர் அதைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் சேர்த்தனர். அதுவும் புதுக் கப்பலன்று. சரக்கேற்றி உழைத்த கப்பலே. மரமும் பாயும் பழையனவாயிருந்தும் மாலுமியின் கை உறுதியாயிருந்தது.

முடிவாக, பழைய கப்பலில் விடுமுறை கழிக்க எண்ணும் நேயர்களுக்குச் சில சொற்கள். முதலாவது, ஆழமறியாமற் காலை விடாதீர்கள். கப்பல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று கேட்பதோடு நில்லாமல், கடைசியாக எப்போது உலர்துறையில் ஏற்றிப் பழுதுபார்க்கப்பட்டது என்றும் கேளுங்கள். நல்ல முகவர் இதற்கு விடை சொல்லத் தயங்கமாட்டார். இரண்டாவது, அலைக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியிலே கீழ்த்தட்டு அறையொன்றைக் கேட்டுப் பெறுங்கள். ஊஞ்சலின் நடுப்போல அங்கே ஆட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. மூன்றாவது, விளம்பரத்திற் கண்ட கட்டணத்தை மட்டும் நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். துறைமுகவரி, சேவைக் கட்டணம், கரையிற் சுற்றுவதற்கான செலவு எல்லாம் தனித்தனி. கப்பலில் வைத்தியம் விலையுயர்ந்தது. நாளாந்தம் உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாட்களுக்கும் அதற்குமேல் ஒரு வாரத்துக்கும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

நான்காவதே மிக முக்கியமானது. கப்பல் புறப்படும் வேளையில் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் எழும். அது அபாயகால ஒத்திகைக்கான அழைப்பு. கொஸ்தா கொன்கோர்டியாவில் அன்று ஏறியவர்களுக்கு ஒத்திகை நடப்பதற்கு முன்பே விபத்து நேர்ந்துவிட்டது. அதன் பயனாகவே புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே ஒத்திகை நடத்தவேண்டும் என்ற விதி 2015இல் வந்தது. நான் சென்ற கப்பலில் பலர் அவ்வேளையிற் சிரித்துப் பேசிப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தனர். ஒரு பாட்டி மட்டும் உயிர்காப்பு அங்கியின் நாடாவை எப்படி முடிவது என்று மூன்று தரம் கேட்டு, தானே முடிந்து காட்டி, பிறகு தன் பேரப்பிள்ளைகளுக்கும் முடிந்துவிட்டார். அன்று அக்கப்பலில் இருந்த அத்தனை பேரிலும் சிறந்த மாணவி அவரே என்று நான் முடிவு செய்தேன்.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கவிழாமற் காப்பதற்கான வழிகளையும் கற்றுக்கொண்டு ஏறுவது இக்காலத்து அறிவு. அவ்வறிவோடு ஏறுங்கள், தளத்தில் நின்று கடலைப் பாருங்கள், அருகில் நிற்பவரோடு பேசுங்கள், உங்கள் அறையைத் துப்புரவு செய்பவரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பழைய கப்பல் அத்தகைய பயணிக்குத் தன்னிடமுள்ள அனைத்தையும் கொடுக்கும்.